மூன்றாம் அடியின் ஹம்மிங்

மேடையில் அமர்ந்திருக்கும் பாடகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கண்கலங்கி இருக்கும் மிலோய்காவின் மகள்களே, லுப்லியானாவின் இசை அன்பர்களே!

முப்பது ஆண்டுகள் நம் சங்கச் செயலாளராக உழைத்த மிலோய்கா ஸோர்மன் இன்று இல்லை. அவரைப் பலர் புகழ்ந்து பேசினீர்கள். நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நாட்டுக்கே தொலைக்காட்சி புதிதாக இருந்த காலம். வெளிநாட்டுப் போட்டிக்கு நம் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பாகிறது. ஒவ்வொரு பாட்டையும் இருவர் பாட வேண்டும்: ஒருவர் பெரிய இசைக்குழுவோடு, அடுத்தவர் பியானோவும் கிதாரும் மட்டும் வைத்து. பாட்டு ஜெயித்தால், நடுவர்களுக்குப் பிடித்த குரல் வெளிநாடு போகும். 'பாலத்தில் நிற்கிறேன்' பாட்டுக்கு முதல் குரல் தாரிங்கா, அதாவது நான். இரண்டாம் குரல், அஞ்சலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த மிலோய்கா.

பாடினேன். முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடி? வரவில்லை, ஐயா, வரவே இல்லை! பின்னால் முப்பது பேர் வாசிக்கிறார்கள், நாடே பார்க்கிறது, என் நாக்கில் ஒரு சொல் இல்லை. வாயை மூடி ஹம்மிங் செய்து ஒப்பேற்றினேன். திரைக்குப் பின்னால் வந்து விழுந்து அழுதேன்.

இசையமைப்பாளர் ஓட்மார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மிலோய்காவிடம் ஓடினார்.

"அவ சொதப்பிட்டா. நீ வார்த்தையைக் கணீர்னு பாடு. அவளுக்கு மறந்துபோச்சுன்னு நடுவருங்களுக்குப் புரிஞ்சிடும். வெளிநாடு போறது நீதான்!"

"மொதல்ல தண்ணி குடுங்க மாஸ்டர், தொண்டை காயுது."

அந்த வரிகளை எனக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தவரே மிலோய்காதான். அவருக்கா மறக்கும்?

பாடினார். மூன்றாம் அடி வந்தது. வாயை மூடினார்! நான் தடுமாறிய அதே இடத்தில், அதே நீளத்துக்கு ஹம்மிங்! பயத்தில் நான் இழுத்த இழுப்பைக்கூட விடவில்லை! அழுகையை நிறுத்திவிட்டுத் திரை ஓரமாக எட்டிப் பார்த்தேன். இப்படியும் ஒரு பெண் இருப்பாரா?

பாட்டுக்கு நான்காம் இடம். அந்த ஹம்மிங்தான் பாட்டின் உயிர் என்று பத்திரிகைகள் எழுதின. ஓட்மார் வெட்கமே இல்லாமல் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு இசைத்தட்டும் கச்சேரிகளும் வந்தன. மிலோய்கா திங்கட்கிழமை அஞ்சலகத்துக்குப் போனார்.

"உனக்கும் மறந்துபோச்சாடி?" என்று கேட்டேன்.

"போடி இவளே. பாட்டே அப்படித்தான்."

ஐம்பது ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! அதே பதில்தான். சமையலறையில் தனியாகப் பாடும்போதுகூட அந்த இடத்தில் ஹம்மிங்தானாம். அவர் மகள்களுக்கே அந்த வார்த்தைகள் தெரியாது.

அன்பர்களே, பாட்டு அப்படி இல்லை. மறந்தவள் நான். மறைத்துக் காத்தவர் மிலோய்கா.

இனி நம் சங்க மேடையில் இரண்டாம் குரலின் பெயரைத்தான் முதலில் சொல்வோம். இது என் உறுதி. அந்த வார்த்தைகள் இன்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் எழுந்து நில்லுங்கள், சேர்ந்து பாடுவோம். மூன்றாம் அடி வந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பாட்டே அப்படித்தான்.