ஹக்கீம் சார் படுத்த மேசை

மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, முன்வரிசையில் துயரோடு இருக்கும், ஹக்கீம் சாரின் துணைவியார் சாபிரா அம்மா அவர்களே, கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களே, என் மாணவிகளே, வணக்கம்!

உடற்கூறியல் விரிவுரையாளர் ஹக்கீம் மறைந்துவிட்ட இந்தச் செவிலியர் கல்லூரியில், உடலியங்கியல் நடத்தும் நான் எதைப் பேசுவேன்? அவர் உறுப்பைச் சொல்வார். அது வேலை செய்யும் விதத்தை நான் சொல்வேன். பாதிப் பாடம் போய்விட்டது!

நம் மாணவிகள் தேறியதெல்லாம் அவருடைய கேள்விகளால். "கல்லீரல் எந்தப் பக்கம்?" என்று தாளில் கேட்டால் அவருக்குப் போதாது. நோயாளியாக மேசையில் படுத்துவிடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏ ஆத்தா, எனக்கு என்னத்தா செய்யுது?" என்று முனகுவார். மாணவிகள் கேட்டுக் கேட்டு உறுப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்காமல் தொட்டால் கோபம் வந்துவிடும். "வாயால கேட்டுட்டுத் தொடு!" என்பார். அவருடைய குடல்வால் நடிப்பைப் பார்த்துச் சிரிக்காதவர் இங்கே உண்டா?

சென்ற செவ்வாய்க்கிழமை இதயப் பாடம். நெஞ்சைப் பிடித்தார். மேசையில் சாய்ந்தார். என்ன சொல்வேன்! "சாரு இன்னைக்கு நல்லா நடிக்கிறாக" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். ஓவியா எழுந்து, "எங்கன சார் வலிக்குது? எப்ப இருந்து?" என்று முறைப்படி கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டாள். உதடு நீலம் பூத்ததைக் கண்ட பிறகே அலறினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பெண்தான் அவர் நெஞ்சை அழுத்தினாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே அழுத்தினாள். என்ன பயன்? பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிவந்த நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இத்தனை படித்தும் ஒன்றும் செய்ய முடியவில்லையே!

அன்று முதல் ஓவியா புத்தகத்தைத் தொடவில்லை. தேர்வு வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்கிறாள். "கேள்வி கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். என் ஆறுதல் எதுவும் எடுபடவில்லை. சற்று முன் வாசலில் சாபிரா அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "வீட்டுலயும் இப்படித்தான் விழுந்து காட்டுவாக. நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்த்தா" என்றார்கள். அவளோ அவர்கள் கையை விலக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

ஹக்கீம் சாரின் கேள்விகளைக் கைவிட மாட்டோம். இது உறுதி! ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். இனி நடிப்பென்று தெரிந்தாலும் முதலில் நாடி, பிறகுதான் கேள்வி. நாளை அவர் விட்ட இடத்திலிருந்து இதயப் பாடத்தை நான் நடத்துவேன். அதே மேசையில் படுப்பேன். எனக்கு நடிக்க வராது. ஓவியா, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாயே, நீதான் வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். வருவாயா அம்மா?