வாரம் தவறாமல் போன் பேசலாம்

எனக்கு நீளமாக எழுத வராது, ஐயா. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பாதிப் புள்ளிதான். இரண்டு வரி என்றால் வரும்.

இன்டர்நெட்டில் எதையாவது தேடினால் பக்கத்தின் பெயருக்குக் கீழே இரண்டு வரி தெரியுமே, அதை எழுதுவதுதான் என் வேலை. பெண்களை வெளிநாட்டு வீட்டுவேலைக்கு அனுப்பும் கொழும்பு முகவர் ஒருவருக்கு, தலவாக்கலையில் என் கம்ப்யூட்டர் கடையிலிருந்தே எழுதிக் கொடுத்தேன். தேடுகிறவருக்கு எது பயமோ, அதற்கான பதிலை அவர் வாயில் வரும் சொல்லிலேயே முதலில் வைக்க வேண்டும். "நல்லா எழுதுறீங்க" என்று என்னிடம் முதன்முதலில் சொன்னவர் அந்த முகவர்தான்.

2007இல் வேலாயி அக்கா வந்தார். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பராக்காரர். மகள் சுலக்ஷனாவை அந்த முகவர் மூலம் அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

"வீட்டுக்குப் போன் பேச விடுவாங்களா தம்பி? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அவர் படியிறங்கியதும், ‘வாரம் தவறாமல் வீட்டுக்குப் போன் பேசலாம்’ என்று முகவரின் பக்கத்துக்கு நான் எழுதிய முதல் வரியில் சேர்த்தேன். புதிதாக எழுதியது தேடலில் தெரிய நாலைந்து நாள் பிடிக்கும். ஞாயிறு என்றது அதற்காகத்தான்.

மகளோடு வந்தார். திரையில் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"மனுசன்னா மாத்திப் பேசுவான். இது எழுதியே இருக்குதுல்ல," என்றார் மகளிடம். எனக்கு முகம் சுட்டது. இருவருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வருடமாகச் சுலக்ஷனாவிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. வேலாயி அக்கா மாதாமாதம் வந்து அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொல்வார். வாசிப்பேன். "பேசலாம்னுதான இருக்கு, பேசுவா," என்று தன்னையே தேற்றிக்கொண்டு போவார். வெட்கமாக இருக்கிறது, ஐயா. அவர் வந்து போன அன்றைக்குச் சோறு இறங்காது.

போய் இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள் என்று முகவர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்துதான் எழுதினேன். அந்த வரியை நம்பி எங்கள் தோட்டத்திலிருந்து பிறகும் நான்கு பிள்ளைகள் போயிருக்கிறார்கள்.

அந்த வரியை எடுக்க ஒரு நிமிடம் போதும். எடுக்கவில்லை. வேலாயி அக்கா வந்து கேட்கும்போது அது அங்கே இல்லாவிட்டால், பாவம், அவர் தாங்கமாட்டார்.