ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். முழங்கைக்குக் கீழே வெயிலில் கருத்துப் போயிருந்தார்கள். ஒரே பைக்கில் தனுஷ்கோடி வரை சுற்றிவிட்டுக் காலையில்தான் திரும்பி, வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டு வருகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவன் செல்போனில் பயணப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"மச்சான், எல்லா போட்டோலயும் ஓரத்துல ஒரே கட்டைவிரல் கீதுடா."

"எடுத்தவங்க விரல் பட்டிருக்கும்."

"கொடைக்கானல்ல எடுத்தது சோளம் விக்கிற அக்கா. தனுஷ்கோடில ஒரு மீன்காரரு. ரெண்டுலயும் பாரு, நகம் ரெண்டா பொளந்துகினு கீது."

மற்றவன் செல்போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். கடைசிப் படத்துக்கு வந்தான்.

"இது உங்க ஊட்டு கேட்டுதானே? இதுலயும் கீது."

"காலைல வந்து எறங்குனதும் எடுத்தது. நீ, நானு, அம்மா."

"எடுத்தது யாரு?"

"செல்ல நீதானே யார்கிட்டயோ குடுத்தே?"

"நான் குடுக்கலடா."

பஸ் பருத்திப்பட்டைத் தாண்டியது. ஜன்னலோரத்தவன் செல்போனைத் திரும்ப வாங்கி வீட்டுக்கு போன் போட்டான்.

"அம்மா, காலைல நம்மள போட்டோ எடுத்தது யாரும்மா? ... எங்க கூட வந்தவனா? நாங்க ரெண்டு பேருதான்மா போனோம்."

மறுமுனையைக் கேட்டபடியே எழுந்து நின்றுவிட்டான்.

"என் ரூம்ல தூங்குறானா? சரி, அவன எழுப்பாத. சத்தம் போடாம நீ மட்டும் வெளிய வாம்மா."