பெரியவர் அப்படிப்பட்டவர் இல்லை

அன்று மத்தியானம் லாயத்தில் இருந்தவர்கள்: பெரியவர், எடுபிடி, டாக்டரம்மா, நான். முதலாளி வெளியே போயிருந்தார். மற்ற ஆட்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். வெயில் சுமார்தான். உங்கள் போலீஸ் அறிக்கையில் என்னைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். டீ வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர் என்பது குதிரை. அரேபியப் பொலிகுதிரை. முதலாளி அவரை ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. "பெரியவர் சாப்பிட்டாரா?" "பெரியவர் தூங்குறார், வாளியை மெதுவா வைங்கடா." நாங்களெல்லாம் அவன், இவன். பழகிவிட்டது. முதலாளி வீட்டுக் கூடம் முழுக்கப் பெரியவர் படம்தான். பெரிய மகளின் கல்யாணப் படம் குளியலறைக்குப் போகிற வழியில் தொங்குகிறது.

எடுபிடியும் ஆண்குதிரைதான். கலப்பினம் என்பதால் மரியாதை கிடையாது. பெட்டைக்குதிரை பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று கிட்டே போய் மோந்து பார்ப்பது அவன் வேலை. வரவில்லையென்றால் அவள் உதைப்பாள், அந்த உதை எடுபிடிக்கு. வந்திருந்தால் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். உடனே எடுபிடியை இழுத்துப்போய்க் கட்டிவிட்டுப் பெரியவரை அழைத்து வருவோம். அவன் பிழைப்பு அவ்வளவுதான்.

பெரியவருக்கு எடுபிடியின் வாடையே ஆகாது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் சுவரை உதைப்பார். அதனால் எடுபிடியைப் பிடிக்கிறவன் போடும் கோட்டு தனி. சேணம் வைக்கும் அறையில் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டுவோம். அந்தக் கோட்டோடு பெரியவரின் கொட்டடிக்குள் யாரும் போகக் கூடாது. லாயத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. டாக்டரம்மாவுக்கும் சொன்னார்கள். எந்த ஆணி என்று சொன்னார்களா, தெரியாது.

நான் ராத்திரி வேலைக்காரன். கால்நடை மருத்துவம் படிக்கப் போய் பாதியில் விட்டவன். ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள், நீங்கள் கேட்க வேண்டாம். பெட்டைகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். பிரசவக் கொட்டடி என் பொறுப்பு. பெரியவரின் வாரிசுகள் உலகத்தில் முதலில் பார்ப்பது என் மூஞ்சியைத்தான். அதற்கே அவை பயந்து ஓடியிருக்க வேண்டும், ஆனால் போட்டிகளில் போய்ப் பரிசு வாங்கின. எங்கெங்கிருந்தோ பெட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முதலாளி வாசலில் ஒரு பலகை வைத்தார்: 'குறையுள்ள ஒரு குட்டிகூடப் பிறந்ததில்லை.'

அந்தப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலாளி அதை வைத்தார். காப்பாற்றியவன் நான்.

முதல் தடவை குறையோடு ஒரு குட்டி வந்தபோது நான் அதை உயிரோடு வைத்திருக்கத்தான் பார்த்தேன். வெளிறிப்போன சாம்பல் நிறம், ஈயத்தைத் தேய்த்த மாதிரி ஒரு மினுமினுப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நிற்க முடியவில்லை. கழுத்து பின்னால் வளைந்துகொண்டது, கால்கள் காற்றில் ஓடின. விடியும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனது.

கல்லூரியில் படித்தது இந்த ஒரு விஷயத்துக்கு உதவியது. ரத்தத்தில் ஒளிந்திருக்கும் குறை இது. சுமக்கிற குதிரைக்கு ஒன்றும் செய்யாது. ஆண், பெட்டை இரண்டிலும் ஒளிந்திருந்தால் சில குட்டிகள் இப்படி வரும். அதாவது தப்பு இரண்டு பக்கமும் பாதிப் பாதி. பெட்டையின் பாதியை எல்லோரிடமும் சொன்னேன். பெரியவரின் பாதியை எனக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. குட்டி வெளியே வந்ததும் முகத்தில் ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழித்துவிட வேண்டும், மூச்சு விடுவதற்கு. அது என் வேலை. நிறத்தைப் பார்த்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் "செத்துத்தான் பொறந்துச்சு" என்றேன். செத்துப் பிறந்தால் அது பெட்டையின் ராசி. குறையோடு பிறந்தால்தான் தகப்பன் பேச்சு வரும். இந்த உலகத்தில் அப்படித்தானே.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதே மாதிரிதான். ஒன்று மட்டும் சவ்வோடு முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. எழுந்திருந்தால் அது நல்ல குட்டியாகக்கூட இருந்திருக்கலாம், நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்த குட்டி. காத்திருந்து பார்க்க எனக்கு நேரமில்லை. முழங்காலை அதன் கழுத்தில் வைத்துக்கொண்டேன்.

சினைப் பெட்டைகளைப் பகலில் பார்த்துக்கொண்டவர் என் அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். முதலாளி ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "நீ பாக்குற லட்சணத்துலதான்யா குட்டி செத்துச் செத்து விழுது" என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். பஸ் நிறுத்தம்வரை அவர் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"மாப்ள, நான் என்னடா தப்பு பண்ணேன்?"

"உங்க கைராசி அப்படி மச்சான். விடுங்க."

அக்கா போனில் அழுதாள். "மொதலாளிகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?" சொன்னேன் என்றேன். பொய் இல்லை. என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை.

அப்புறம்தான் டாக்டரம்மா வந்தாள். நான் படிப்பை விட்ட அதே கல்லூரி, எனக்குப் பின்னால் வந்தவள். அது தெரிந்ததும் அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். லாயத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஒருநாள் காலையில் புதைப்பதற்குச் சுண்ணாம்பு எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் குட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அண்ணா, இந்தக் கலர முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"நனஞ்சிருக்கு டாக்டரம்மா. அதான் அப்படித் தெரியுது."

"நனஞ்சா கறுக்கும்ணா. வெளுக்காது."

படித்த பெண். அவள் முதலாளியிடம் போய், பெரியவரின் பிடரிமயிரை வேரோடு நாலு பிடுங்கி அனுப்பினால் போதும், ரத்தத்தில் இருப்பது தெரிந்துவிடும் என்றாள். முதலாளி சிரித்தார். "பெரியவருக்கே டெஸ்டா? நாளைக்கு எனக்கும் மயிரப் புடுங்கணும்பீங்களாம்மா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் விடவில்லை. என்னிடம் வந்தாள். "அவருக்குத் தெரியாம எடுத்துடலாம்ணா. இருக்குன்னு தெரிஞ்சாலும் குடி முழுகிடாது. அந்தக் குறை இல்லாத பெட்டையா பாத்துச் சேத்தா போதும், ஒரு குட்டி சாகாது. குழியில போட்டதையும் தோண்டிப் பாத்துடலாம். செத்துப் பொறந்துச்சா, பொறந்து செத்துச்சான்னு நுரையீரல் சொல்லிடும்."

நியாயமான யோசனைதான். ஆனால் அவளுக்குப் பெரியவரின் நிலைமை புரியவில்லை. ஊர் ஊராகப் போன பேர். வண்டிக்காரன்கூட இறங்கி வந்து அவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவரைப் பெண் பார்க்கிற மாதிரி சோதித்துச் சோதித்துச் சேர்ப்பதா? நான் யோசித்தது முழுக்க அவருடைய மானத்தைப் பற்றித்தான். குழியைத் தோண்டுவதைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவில்லை.

நடந்த பிறகு எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். "புதுப் பொண்ணு, அவசரத்துல கோட்ட மாத்தி எடுத்துட்டா." லாயத்துக்காரர்களே செய்யக்கூடிய தப்பு, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சத்தம் அடங்கியதும் பூட்டைத் திறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஐயோ, ஓடி வாங்க" என்று கத்தியவன் நான். அவள் அப்பா வந்து லாய வாசலில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல பொண்ணுங்க. ஆனா எங்க பெரியவர் அப்படிப்பட்டவர் இல்ல" என்றார். அந்த மனிதர் தலையாட்டினார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். கொலைகாரக் குதிரை என்று எழுதினீர்கள். நாளைக் காலையில் பெரியவருக்கு ஊசி போடப் போகிறார்களாம். எனக்கு அதிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு பாவமும் அறியாத ஜீவன் என் பொருட்டுச் சாகக் கூடாது. அடுத்தவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. அதனால் இதை ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலையிலேயே எடுபிடியின் கோட்டை எடுத்து அவன் கழுத்திலும் தொடையிடுக்கிலும் நன்றாகத் தேய்த்து வைத்தேன். அவனுக்குச் சந்தோஷம், யாரோ கொஞ்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டாமல் பெரியவரின் கொட்டடிப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். மத்தியானம் டாக்டரம்மா ஒரு சின்னக் காகித உறையோடு வந்தாள்.

"நீங்க வந்து புடிச்சுக்குவீங்கல்லண்ணா? எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

"நீங்க உள்ள போங்க, கயிறு எடுத்துட்டு வந்துடறேன். இந்தக் கோட்டப் போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் மடித்துவிட்டேன். "தேங்ஸ்ணா" என்றாள்.

அவள் உள்ளே போனதும் கதவை இழுத்துச் சாத்தினேன். பெரியவர் மூச்சுவிடும் சத்தம் மாறியது. மிரண்டு வெளியே ஓடி வந்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கிக் காலை முறித்துக்கொள்வாரே என்று தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டையும் போட்டேன்.