அலசாத துணி

உங்கள் ஸ்டேஷனில் முதலுதவிப் பெட்டி வைத்திருக்கிறீர்கள் மேடம், நல்ல விஷயம். ஆனால் உள்ளே இருக்கும் பாண்டேஜ் சுருள் பழசு. ஓரம் மஞ்சள் பூத்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இராஜபாளையத்தில் ஒரு பாண்டேஜ் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். துணி என் கண்ணுக்குத் தப்பாது.

என் வீட்டுக்காரர் வைகுண்டராஜின் உதட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அவர் டிரம்பெட் வாசிப்பவர். டிரம்பெட்காரருக்கு மேலுதட்டின் நடுதான் எல்லாம். பெலிக்ஸ் அண்ணனின் பேண்டில் முதலில் ஐந்தாறு பேர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே துண்டு விரித்து வாசிப்பார்கள். புரட்டாசி சனிக்கிழமைகளில் பக்கத்திலேயே இருக்கும் பெருமாள் மலை, எங்கள் ஊர்த் திருவண்ணாமலை, அதன் அடிவாரத்துக்குப் போவார்கள். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள் பெருமாள் பாட்டு வாசிப்பதைக் கேட்க ஜனம் நின்றுவிடும். முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வருவார். உதடு தடித்துப்போயிருக்கும். நான் வெண்ணெய் தடவிவிடுவேன். அதுவரை யாரோடும் பேச மாட்டார். அத்தனை கூட்டம் கேட்ட வாய், அந்தக் கொஞ்ச நேரம் என் விரலுக்கு அடியில் சும்மா இருக்கும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அடிவாரத்தில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கேரளாவில் சர்ச் திருவிழாக்கள், சென்னையில் மேடை, ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு. உதட்டுக்கு வெளிநாட்டுக் களிம்பும் வந்தது. சின்ன டப்பா. அவரே தடவிக்கொள்வார். நான் வெண்ணெயோடு போய் நின்றால், "வேணாம்ட்டி, பிசுபிசுன்னு இருக்கு" என்பார். கோபமாகச் சொன்னதில்லை.

போன மாசியில் ஓய்வில்லாமல் வாசித்ததில் உதடு வெடித்தது. டாக்டர் ஊதக் கூடாது என்றார். வீட்டில் இருந்தார். நான்தான் துணி வைத்துக் கட்டினேன், கஞ்சியைக் கரண்டியில் ஊட்டினேன். ஒரு மத்தியானம் தூக்கத்தில் என் முந்தானையைப் பிடித்திருந்தார். அதை விடுவிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

புண் மூடிவரும்போது பெலிக்ஸ் அண்ணன் வந்தார்.

"ஏலே வைகுண்டம், சிங்கப்பூர்ல மூணு மாசம்லே. ஒன் ஒதட்டுக்குத்தான் விசா குடுத்திருக்கான். நாங்கெல்லாம் சும்மா ஒட்டிக்கிட்டு வாரோம்."

"அப்ப மூணு மாசம் இவகிட்டேருந்து தப்பிச்சேன்னு சொல்லுங்கண்ணே."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் யூனிட்டில் வெளுக்கும் தொட்டியிலிருந்து வரும் துணியை நன்றாக அலசிய பிறகுதான் வெறுங்கையால் தொடுவோம். அதற்கு முன் தொட்டால் விரல் நுனி வெளுத்துத் தோல் கழன்று வரும். மறுநாள் அலசாத துணியில் ஒரு துண்டு கிழித்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். பார்க்க அலசிய துணி போலத்தான் இருந்தது.

"எரியுதுட்டி."

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். செத்த நேரம் பொறுங்க."

பொறுத்துக்கொண்டார். அவர் பொறுமைசாலி.

தினமும் கொஞ்சம்தான். ஒரே நாளில் செய்வது கொடுமை. சிங்கப்பூருக்கு வேறு ஆள் போனான். அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் ஆறினால் அடுத்த ஊர் வரும்.

இடையில் என் அம்மா இறந்ததால் சாத்தான்குளம் போயிருந்தேன். நான் இல்லாத நாட்களில் புண் தானாகவே மூடத் தொடங்கியிருந்தது. திரும்பி வந்ததும் என்னை வெளிச்சத்துக்கு இழுத்துக் காட்டினார்.

"பாத்தியா? எம்புட்டோ தேவலை. இனி நீ கைவச்சா முழுசா ஆறிரும்."

அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று துணியை வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்தேன்.

மதுரையில் மேலுதட்டின் நடுவை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகுதான் பெலிக்ஸ் அண்ணன் யோசித்திருக்கிறார். நான் ஊருக்குப் போனபோது ஆறியது, வந்ததும் அழுகியது. எங்கள் வீட்டுக் குப்பையில் கிடந்த துணியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்தார். நியாயமான மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

இவருக்கு இனி ஊத வராது. என் பெயரும் வராது. பியூலா என்று சொல்ல இரண்டு உதடும் சேர வேண்டும். அதனாலென்ன, கூப்பிட வேண்டிய அளவு தூரத்துக்கு நான் போவதில்லை.

அண்ணன் சொன்னதை இவர் நம்பவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள். மடியில் இருப்பது என் பை. யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு நிமிஷம் வெளியே போய்வர விடுங்கள். அவருக்குக் கட்டு மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. வேறு யார் கை பட்டாலும் அவருக்கு வலிக்கும்.