புன்னைக்கேணி முதலியின் வாரிசு

எலிவேற்றர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் அது விரைவாக வருவதில்லை. பொத்தான் ஒரு செய்தியை மட்டும்தான் அனுப்புகிறது. இழுப்பது மேலே இருக்கும் மோட்டர். ரொறன்ரோ வந்த நாளிலிருந்து எலிவேற்றர் திருத்துவதுதான் என் வேலை. அதனால் இதை முதலில் சொல்கிறேன். பிறகு சொல்வது விளங்குவதற்கு இது உதவும்.

புன்னைக்கேணி முதலி என்பது ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பட்டம். இப்போது அதற்கு நிலமும் இல்லை, அதிகாரமும் இல்லை. மிஞ்சியது ஒரு சிவப்புத் தலைப்பாகையும், ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் கிடைக்கும் முதல் மாலையும்தான். ஆனால் அது கைமாறும் விதி அழகானது. முந்திய முதலிக்குக் கொள்ளி வைத்தவரே அடுத்த முதலி. அவ்வளவுதான். மகன் என்றோ ஆண் என்றோ விதியில் இல்லை. அந்தக் காலத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பதால் அதைச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

கடைசி முதலி என் பெரியப்பா அருள்நாயகம். அவருக்கு நிலாணி என்று ஒரே மகள். தம்பியின் மகன் நான். ஆகவே கொள்ளி எனக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்தே என்னை வைத்துப் பேசினார்கள்.

பெரியப்பா சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார். நுரையீரல் பழுது. சுவரில் செருகிய ஒரு மெசின் அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து அவருடைய மூக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நல்ல மெசின். அதை நான்தான் துப்புரவாக்கி வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் சூப் குடித்துக்கொண்டே அவர் சொன்னார்:

"டேய் வாகீசன், இஞ்சை கொள்ளி எண்டு ஒண்டும் இல்லையடா. ஒரு பட்டன். அதை நிலாணி அமத்துவாள். அதோடை உந்த முதலியும் சாம்பல். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலிலை மைக்கைப் பிடிச்சுச் சொல்லப்போறன்."

நிலாணி சிரித்தாள். "அண்ணா, ஏன் முகத்தைத் தூக்கிறியள்? ஒரு பழைய சிவப்புத் துணிதானே. பிஸ்கட் ரின்னுக்கை கிடக்கு, வேணுமெண்டா கொண்டுபோங்கோ."

எனக்குக் கோபம் வரவில்லை. நான் யோசித்ததெல்லாம் ஒழுங்கு முறையைப் பற்றித்தான். மைக்கில் சொன்னால் சபை அறிந்த சொல்லாகிவிடும். சொல்லாமல் போனால் சொந்தக்காரர் வழமைப்படி என்னையே முன்னால் விடுவார்கள். ஆகவே அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னர் போக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை நிலாணி வேலைக்குப் போன பின் போனேன். பெரியப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். மெசின் நின்றால் ஓர் அலாரம் கத்தும். அதை எப்படிக் கத்தாமல் வைப்பதென்று எனக்குத் தெரியும். பிறகு சுவரிலிருந்து வயரைக் கழற்றினேன். அருகில் கதிரையைப் போட்டு இருந்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்தார்.

"தம்பி, கறண்ட் நிண்டிட்டுதோ?"

"ஓம் பெரியப்பா. பக்கத்துக் கட்டடத்திலையும் இல்லை."

அவர் நம்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கை தளர்ந்த பிறகு வயரைத் திரும்பச் செருகினேன். அலாரத்தையும் சரிசெய்தேன்.

எரியூட்டும் இடத்தில் நடந்ததுதான் நான் கணக்கில் எடுக்காதது. பூசை முடிந்ததும் சொந்தக்காரர் என்னைப் பார்த்தார்கள். நான் ஓர் அடி வைத்தேன். அதற்குள் நிலாணி போய்ப் பொத்தானை அழுத்திவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஒரு மாமி அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்.

எல்லோரும் போன பின் அங்கே வேலை செய்யும் கிளிபோட்டிடம் அந்தப் பொத்தானைப் பற்றிக் கேட்டேன்.

"அது உலைக் கதவை மட்டும்தான் திறக்கும் அண்ணை. நெருப்பு நான் முந்தியே போட்டிட்டன்."

"அப்ப கொள்ளி வைச்சது நீங்களோ?"

"ஐயோ, நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன் அண்ணை. என்னை ஏன் உதுக்கை இழுக்கிறியள்?"

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஓர் எலிவேற்றர் ஏன் நகர்ந்தது என்று அறியப் பொத்தானோடு நின்றுவிடக் கூடாது. வயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். நான் போனேன். கதவு, அதற்கு முன் நெருப்பு, அதற்கு முன் டொக்டரின் கையெழுத்து, அதற்கு முன் கட்டில், அதற்கு முன் சுவர். சுவரில் என் கை இருந்தது. நிலாணி கதவைத் திறந்தாள். பெரியப்பாவை அனுப்பிவைத்தது நான். விதி கேட்பது அதைத்தான்.

இயற்கை மரணம் என்று டொக்டர் எழுதிவிட்டார். சாம்பலை ஒன்ராறியோ ஏரியில் கரைத்தாகிவிட்டது. நானாக இங்கே வந்திராவிட்டால் நீங்கள் என்னைத் தேடியிருக்க மாட்டீர்கள். ஆனால் வாயால் சொன்னால் சங்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பொலிஸ் எழுதியது என்றால் நம்புவார்கள். அதனால்தான் வந்தேன். நிலாணிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பெயர் கேட்டீர்கள். புன்னைக்கேணி முதலி வாகீசன். முதலி என்பதை விட்டுவிடாதீர்கள்.

எனக்குப் பிறகு யார் என்று இப்போது கேட்கிறீர்கள். எனக்குக் கலியாணம் ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை. அதைப் பற்றி நான் இன்னும் யோசிக்கவில்லை.