வெடித்தது என்று எழுதாதீர்கள்

நான் தேநீர் எப்போதும் அரைக் கோப்பைதான் குடிப்பேன். முழுக் கோப்பை என்றால் குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். ஆறின தேநீரும் பழைய பகிடியும் எனக்கு ஒத்துவராது. அதனால் நீங்கள் விளிம்புவரை ஊற்றி வைத்திருக்கும் இந்தக் கோப்பை இப்படியே இருக்கட்டும், டிடெக்டிவ். குறை நினைக்க வேண்டாம்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தந்திருப்பேன். மூக்குக்கண்ணாடி பென்டில் ஹில் வீட்டில் கிடக்கிறது. ஆகவே நான் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் ஹரிப்பிரியா எழுதட்டும். எனக்கு ஆங்கிலம் தெரியும். நாற்பது வருடமாக இந்த நாட்டுக்கு வரி கட்டியது ஆங்கிலத்தில்தான். ஆனால் முக்கியமான காரியத்தைத் தாய்மொழியில் சொல்வதுதான் அழகு.

காலையில் நடந்த குழப்பத்துக்கு அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்லக்கூடாது. அவள் கோயம்புத்தூர். "துவக்கை எடுத்தனான்" என்றேன். எதைத் துவக்கினேன் என்று கேட்டாள். "வெடி வைச்சனான்" என்றேன். வெடிகுண்டு வைத்ததாக மொழிபெயர்த்துவிட்டாள். கதவருகே நின்ற இரண்டு பொலிஸ்காரரும் இடுப்பில் கை வைத்தார்கள். எழுபத்தெட்டு வயதில் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. வெடி வைப்பது என்றால் சுடுவது. இதையும் எழுது பிள்ளை.

அந்தத் துவக்கு பெல்ஜியத்தில் செய்தது. நூற்றிமுப்பது வயது இருக்கும். எட்டுப்பட்டைக் குழல், வால்நட் மரப் பிடி, ஒரு தடவைக்கு ஆறு மில்லிமீற்றர் ரவை, அதாவது குண்டு, ஒன்று. அந்தக் காலத்துப் பணக்காரர் விருந்து முடிந்தபின் மண்டபத்துக்குள்ளேயே குறிபார்த்து விளையாடுவதற்காகச் செய்தது. இரண்டு கையைச் சேர்த்துத் தட்டினாற்போலத்தான் சத்தம் வரும். நான் கப்பலில் வேலை பார்த்தபோது அன்ற்வேர்ப்பில் ஒரு சீமாட்டி சீட்டாட்டத்தில் என்னிடம் தோற்றுத் தந்தது. லிட்கமில் ஏலத்தில் எடுத்தது என்று உங்கள் பதிவில் இருக்கிறது. பதிவும் சரிதான். ஆனால் சீமாட்டியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளப்பில் மட்டும்தான் சுடலாம் என்று அனுமதிப்பத்திரம் சொல்கிறது. நான் வீட்டுப் பின்வளவில் சுட்டேன். அது குற்றம், ஒத்துக்கொள்கிறேன். கிளப்பில் காகித அட்டை. துளை விழும், அவ்வளவுதான். பொரித்த பப்படம் அப்படியில்லை. உடுப்புக் காயப்போடும் கம்பியில் கிளிப்பால் மாட்டிவிட்டால் காற்றுக்கு மெல்லச் சுற்றும். ரவை பட்டதும் நொறுங்கிப் புல்லில் கொட்டும். ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு இருந்தால் சொல்லுங்கள்.

சிறிதரன் இரண்டு வீடு தள்ளி இருந்தவன். முப்பது வருடச் சிநேகிதம். ஞாயிறு பின்னேரங்களில் மனைவி சந்திரவதனாவையும் கூட்டிக்கொண்டு வருவான். பப்படம் பொரிப்பது அவதான். கம்பியில் மாட்டிய பப்படங்கள் உடையாத ஒரு நாள் (காற்று சரியில்லை) அவன் எழும்பி வந்தான்.

"அண்ணை, தொங்கிறதைச் சுடுறதும் ஒரு சூடே? நான் கையில பிடிக்கிறன், வையுங்கோ பாப்பம்."

"கை போனா என்னட்டை வந்து அழக்கூடாது."

"மற்றக் கை இருக்குத்தானே."

கையை நீளமாக நீட்டிப் பிடித்தான். வெடி வைத்தேன். பப்படம் நொறுங்கியது. பதினொரு ஞாயிறு, பதினொரு பப்படம், ஒன்றுகூடத் தவறவில்லை. ரவைகளை என் எலுமிச்சை மரத்திலிருந்து தோண்டி எடுத்தீர்களாம். மரம் அவன் நின்ற இடத்துக்கு நேரே இல்லை என்கிறீர்கள். பப்படத்தைத் தாண்டிய பிறகு ரவை எங்கே போகிறது என்பதற்கு நான் பொறுப்பில்லை.

பிறகு செவன் ஹில்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்தில் எங்கள் மேசையில் பத்துப் பேர். நான் சீமாட்டி கதையில் தொடங்கிப் பதினோராவது பப்படத்துக்கு வந்துவிட்டேன். சிறிதரன் இரண்டு பியர் குடித்திருந்தான்.

"அண்ணை சுடுவார், ரவை ஊர் சுத்தப் போயிடும்" என்றான். "சத்தம் கேட்டவுடன நான் பப்படத்தை நசிச்சுப்போடுவன். பாவம், மனுசன்ர சந்தோசத்தைக் கெடுப்பானேன்? கையைப் பாருங்கோவன். ஏன் அரைக் கோப்பை தேத்தண்ணி குடிக்கிறவர் எண்டு நினைச்சனியள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகும். என் வாழ்நாளில் எத்தனையோ புளுகு கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு கேவலமான புளுகை யாரும் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தான். மண்டபத்தில் பேசியது அவனுக்கு நினைவே இல்லை. நான் தட்டில் இருந்ததில் சின்னப் பப்படமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"இண்டைக்கு முகத்துக்குக் கிட்டப் பிடி" என்றேன்.

"ஏனண்ணை?"

"கதை நல்லாயிருக்கும்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே கன்னத்தோடு பிடித்தான். என் கதை நன்றாக இருக்கவேண்டும் என்பதில் அவனுக்கு எப்போதும் அக்கறை உண்டு. சந்திரவதனா குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. பதினொன்றையும் அவன்தான் நசித்தான் என்று அவவும் உங்களிடம் சொல்லியிருக்கிறா. புருசன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறா. பாவம், அவவோடு எனக்குக் கோபமில்லை.

இப்போது எல்லோரும் எனக்கு நல்லது செய்யப் பார்க்கிறார்கள். மகள் சிவாஜினி நேற்று வந்து அழுதாள். "அப்பா, கை நடுங்கிப்போச்சு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. டொக்டரின்ர கடிதம் இருக்கு. வக்கீல் மற்றதைப் பார்ப்பார்" என்றாள். சற்று முன் ஹரிப்பிரியாகூட, மொழிபெயர்ப்பதுதான் தன் வேலை என்பதை மறந்து, "அங்கிள், 'வெடிச்சிடுச்சு'ன்னு போட்டுக்கட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள். நல்ல பிள்ளை.

வெடித்தது என்று எழுதாதீர்கள். துவக்கு தானாக வெடிக்கவில்லை. நான் வெடி வைத்தேன்.

சிறிதரன் விழுந்தபோது அவன் விரல்களுக்கிடையில் பப்படம் முழுதாக இருந்தது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பாருங்கள், குறி தவறிவிட்டது என்கிறீர்கள். எது குறி என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அவனுடைய இடக்கண்ணுக்குக் கீழே குறிவைத்தேன். அங்கேதான் பட்டது. அவனைக் கொன்றேன், யோசித்து, மூச்சைப் பிடித்து, நடுங்காத கையால் கொன்றேன். எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடுங்கள். நடுங்கிய கை என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவ்வளவுதான். பேனை வேண்டாம், பெருவிரல் அடையாளம் எடுத்துக்கொள்ளுங்கள். விரலை நீங்களே பிடித்து வைத்தால் நல்லது. நான் கையை வைத்ததும் கோப்பையில் தேநீர் தளும்புகிறது, பாருங்கள். உங்கள் மேசை ஆடுகிறது.